பெருமாள் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த மரங்கள்

1. கிணறு

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு லேபைக் காட்டவில்லை. ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு வேலூரில் ஒரு பள்ளியில் லீவு வேகன்ஸியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்திய சிறிய மர ஆராய்ச்சி நிலையத்தில் டிஷ்யூ கல்ச்சர் டெக்னீஷியன் வேலை காலி என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். கிடைத்தது. நிலையத்தின் தலைவர் டாக்டர் சேதுராமன். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். நாற்பது வயதுகூட ஆகாதவர். நடையும் பேச்சும் வேகம்.

ஜீப் ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் ஓர் ஊரில் நின்றது. தோல் கம்பெனிகளின் கழிவுநீர் ஓடும் கால்வாய் அந்த ஊருக்கு மேல் பக்கமாக வந்து ஆற்றில் விழும். கால்வாயை ஒட்டினாற்போல் பெருமாள் என்ற விவசாயியின் நிலம். ஒரு காலத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த மண் என்றார்கள். நான் பார்த்தபோது தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வரப்பில் நின்ற தென்னைகளுக்கு மட்டை இல்லை, மொட்டை மொட்டையாக நின்றன. கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. அதுதான் கொடுமை. தண்ணீர் இருந்தது, டீ டிகாஷன் நிறத்தில்.

டாக்டர் ஒரு வாளி இறைக்கச் சொல்லி அதில் ஈ.சி. மீட்டரை விட்டார். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் கருவி அது. முள் கடைசிவரை போய் அங்கேயே நின்றது.

"பாத்துக்கோ கிரேஸ். இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு உயிரோட நிக்கிற மரம் ஒண்ணு வேணும். அதுதான் உன் வேலை."

பெருமாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார் இது. மருந்து ஏதாச்சும் போட்டு தண்ணிய நல்லதாக்குவீங்கன்னு பாத்தா, மரத்த மாத்தறேன்றீங்க?"

டாக்டர் சிரித்தார். "தண்ணிய மாத்தறது கவர்மென்ட் வேலை பெருமாள். மரத்த மாத்தறதுதான் எங்க வேலை."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவரவர் வேலையை அவரவர் செய்தால் போதும் என்று நினைக்கிற வயது.

2. பச்சை

நாங்கள் எடுத்துக்கொண்டது தைலமரம். உப்பங்கழியில் வளரும் ஒரு செடியிலிருந்து, உப்பைத் தாங்கும் ஜீன் ஒன்றை ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார்கள். அதை, ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் இன்னொரு ஜீனோடு சேர்த்து, அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுக்குள் ஏற்றி, அந்த பாக்டீரியா வழியாகத் தைலமர இலைத் துணுக்குகளுக்குள் அனுப்ப வேண்டும். பிறகு துணுக்குகளை பாட்டிலில், ஆன்டிபயாட்டிக் கலந்த சத்துக்கூழான மீடியத்தில் வைப்போம். ஜீன் ஏறாத துணுக்கு வெளுத்துச் செத்துவிடும். ஏறியது மட்டும் பச்சையாக நிற்கும். நின்றால் அதிலிருந்து குருத்து வரவேண்டும், குருத்துக்கு வேர் விடவேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு வருஷக்கணக்கில் ஆனது. புகையிலைச் செடியில் சுலபமாக நடக்கிற காரியம் மரத்தில் நடக்காது. கிருமியில்லாத காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேஜை முன்னால் உட்கார்ந்து, ஸ்பிரிட் நெருப்பில் கத்தியைச் சுட்டுச் சுட்டு, தினமும் துணுக்கு வெட்டுவேன். மறுவாரம் பாட்டில்களைப் பார்த்தால் எல்லாம் காகிதம் போல வெளுத்திருக்கும். கரன்ட் போய் ஏ.சி. நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். மொத்த ரேக்கையும் கொட்ட வேண்டும். எனக்குக் கல்யாணமாகி, திமிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்த பிறகும் வெளுத்த பாட்டில்களைத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, வெளுத்த கூட்டத்துக்கு நடுவில் ஒரு பாட்டிலில் பச்சை. கடுகளவு. அடுத்த வாரமும் பச்சையாகவே இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, வெளியே போய், ஆம்பூருக்கு ஆள் அனுப்பி எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வரச் சொன்னார்.

அந்தப் பச்சையும் அதன் பிறகு வந்த சிலவும் செடிகளாகி கிரீன்ஹவுஸுக்குப் போயின. இரட்டைக் கதவு, வலையடித்த ஜன்னல், வெளியே போகும்போது லேப் கோட்டை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். ஜீன் மாற்றிய எதுவும், ஒரு விதைகூட, வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

சோதனைக்குப் பெருமாள் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினோம். வாரம் ஒருமுறை எங்கள் ஜீப் போய் அவர் வீட்டு நீல டிரம்களில் நிரப்பி எடுத்து வரும். பெருமாளும் கூடவே வருவார். விவசாயம் இல்லாத மனுஷன், வேறு எங்கே போவார்.

செடிகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தோம். ஒரு வரிசை ஜீன் ஏற்றியது. இன்னொரு வரிசை கன்ட்ரோல், அதாவது அதே இனம், அதே வயது, ஜீன் ஏற்றாதது. இரண்டுக்கும் ஒரே தண்ணீர். சில வாரங்களில் கன்ட்ரோல் வரிசையில் இலை நுனி கருகி, ஓரம் சுருண்டு, உதிர ஆரம்பித்தது. இந்தப் பக்கம் தளதளவென்று நின்றது. எல்லாரும் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். பெருமாள் அந்தப் பக்கம் குந்திக்கொண்டிருப்பார்.

"இது ஏம்மா சாவுது?"

"இது கன்ட்ரோல் பெருமாள்ணா. ஜீன் போடாதது. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வெச்சிருக்கோம்."

"சாவும்னு தெரிஞ்சுதான் ஊத்தறீங்களா?"

"ஆமா. அப்பதான் ஜீன் போட்டது தாங்குதுன்னு நிரூபிக்க முடியும்."

கருகிய இலை ஒன்றைத் தடவிப் பார்த்தார். "நிரூபிச்சாச்சு இல்ல. இனிமே இதுக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்தக் கூடாதா?"

ஊற்றக் கூடாது என்று விளக்கினேன். தலையாட்டினார்.

3. ஸ்கூல் கட்டடத்தில் நடந்த கூட்டம்

அந்த ஊர்க்காரர்கள் கால்வாயை மூடச் சொல்லி வருஷக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் தாண்டி ஒருவழியாக ஆய்வுக் குழு ஒன்று வந்தது. கழிவுநீரால் நிலம் செத்துவிட்டது என்று குழு எழுதிவிட்டால், சுத்திகரிக்காத தண்ணீரை விடும் கம்பெனிகளை நிறுத்தி வைப்பார்கள் என்று ஊரில் பேச்சு. பெருமாளின் மனைவி சரசு, குடிதண்ணீருக்கு ஆற்றைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தவள், அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நிபுணர் என்ற முறையில் டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். போட்டோ ஆல்பம் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

டாக்டர் தண்ணீரின் உப்புக் கணக்கையெல்லாம் நன்றாகத்தான் சொன்னார். பிறகு கம்பெனிகள் சார்பில் வந்திருந்த வக்கீல் எழுந்தார். மெதுவான குரல். ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். இடுப்பளவு வளர்ந்த தைலமரக் கன்று. தொட்டியில் என் கையெழுத்தில் ஒட்டிய லேபிள்: பெருமாள் கிணறு.

"டாக்டர், இந்தச் செடிக்கு ஊத்தின தண்ணி இந்த ஊர் கிணத்துத் தண்ணிதானே?"

"ஆமா."

"வளருதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"வளருது. ஆனா..."

"தேங்க்ஸ் டாக்டர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் உட்கார்ந்துவிட்டார். அவர் மறுபடி எழுவார் என்று பார்த்தேன். எழவில்லை. எங்கள் டிரஸ்டுக்கு நன்கொடை கொடுத்தவர்களில் தோல் கம்பெனிக்காரர்களும் உண்டு என்பது எனக்கும் தெரியும். குழுவின் தலைவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதப்போனார்.

நான் எழுந்தேன்.

"சார், அது சாதாரண மரம் இல்ல. லேப்ல ஜீன் மாத்தினது. அதே தண்ணிய ஜீன் மாத்தாத செடிக்கும் ஊத்தினோம். அத்தனையும் செத்துப் போச்சு. அந்தப் போட்டோவும் அதே ஆல்பத்துலதான் இருக்கு. அடுத்த பக்கம் திருப்பச் சொல்லுங்க."

திருப்பினார்கள். கருகிய கன்றுகள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

வக்கீல் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அந்தம்மா சொல்றது ரொம்ப சந்தோஷமான சமாச்சாரம். இந்தத் தண்ணியத் தாங்கற மரத்தை நம்ம விஞ்ஞானிங்க உண்டாக்கிட்டாங்க. இது எனக்கே தெரியாது. டாக்டர், இது நெலத்துக்கு வர எவ்ளோ காலம் ஆவும்?"

டாக்டர் முகம் தெளிந்தது. "பர்மிஷன் கெடச்சா ரெண்டு வருஷம்."

"ரெண்டே வருஷம். அதுக்குள்ள அவசரப்பட்டு கம்பெனிய மூடினா எத்தினி குடும்பம் தெருவுக்கு வரும்? இங்க உக்காந்திருக்கறவங்க வீட்லயே எத்தினி பேரு கம்பெனிக்குப் போறீங்க?"

பாதிப் பேர் வீட்டிலிருந்து யாராவது போய்க்கொண்டிருந்தார்கள். மூடினால் அவர்களுக்குத்தான் முதலில் அடி. வக்கீல் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

குழு முடிவைத் தள்ளி வைத்தது. ஆராய்ச்சி நிலையத்தின் புதிய மரங்கள் வந்ததும் கால்வாய் ஓரமாகப் பசுமை வளையம் அமைப்பது, அதன் பலனைப் பார்த்து மேல் நடவடிக்கை. கால்வாய் அப்படியே ஓடும்.

வெளியே வந்ததும் பெருமாள் ஓடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா பேசினீங்கம்மா. ரெண்டு வருஷத்துல மரம் வந்துடும்னு எழுதியே குடுத்துட்டாங்களே."

என்ன நடந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் டாக்டர் சொன்னார், "நீ எழுந்தது நல்லதாப் போச்சு கிரேஸ். ப்ராஜெக்டுக்கு இனிமே ஜாஸ்தி ஃபண்டு வரும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

4. இரண்டு வருஷம்

ஃபண்டு வந்தது. லேபுக்குப் புது ஏ.சி., ஜெனரேட்டர், வாசலில் பெரிய போர்டு. வராதது பர்மிஷன்தான்.

ஜீன் மாற்றிய மரத்தை வெட்டவெளியில் நட வேண்டுமானால் மத்திய அரசின் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டார்கள். இதன் மகரந்தம் எவ்வளவு தூரம் போகும்? பக்கத்துத் தைலத்தோப்போடு சேர்ந்தால் என்ன ஆகும்? தேனீக்கு என்ன ஆகும்? உதிர்ந்த இலை மண்ணில் மக்கினால் என்ன ஆகும்? அத்தனையும் நியாயமான கேள்விகள். மரம் நெல் மாதிரி இல்லை, அறுத்துக் கட்டிவிட முடியாது. பல வருஷம் நிற்கும், பூக்கும், காற்றில் விடும். பதில் சொல்ல நிலத்தில் நட்டுப் பார்த்த தகவல் வேண்டும். நிலத்தில் நட பதில் வேண்டும். நான் டைப் அடித்து டைப் அடித்து அனுப்பினேன்.

கமிட்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் என்று அந்தக் கூட்டத்தில் சொன்ன டாக்டருக்கு இதெல்லாம் தெரியும். கேட்ட வக்கீலுக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர் பெருமாள்.

"மரம் எப்பம்மா வரும்?" என்று டிரம் இறக்கும்போதெல்லாம் கேட்பார். முதல் வருஷம் ஆசையாகக் கேட்டார். பிறகு சும்மா கேட்டார். கேட்காமல் விட்டால் நான் சங்கடப்படுவேன் என்று நினைத்தே கேட்டாரோ என்னவோ.

இடையில் அவர் வீட்டு மாடு செத்தது. கால்வாய்த் தண்ணீரில் வாய் வைத்துவிட்டது என்றார். சரசு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கப் போனாள். காலையில் கம்பெனி வேன் வரும், இருட்டும்போது இறக்கி விடும். அவள் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் ஓடியது. அந்தக் கம்பெனிக்குத் தோல் வருவதும் கால்வாய்க்குத் தண்ணீர் வருவதும் ஒரே இடத்திலிருந்து. இதை சரசுவே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், சிரித்துக்கொண்டுதான். "இன்னா பண்றதுக்கா, நம்ம சோறும் அதுலதானே கீது."

டாக்டரின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதே சூட்டில் அவருக்கு வெளிநாட்டில் பெரிய வேலையும் வந்தது. வழியனுப்பு விழாவன்று தண்ணீர் கொண்டு வந்திருந்த பெருமாளை மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"உங்க தண்ணி இல்லன்னா இந்தப் பேப்பரே இல்ல பெருமாள்."

கீழே இறங்கி வந்த பெருமாள் என்னிடம் கேட்டார், "சாரு போய்ட்டா மரத்த யாரும்மா எடுத்தாருவாங்க?"

"நாங்க இருக்கோம்ணா" என்றேன்.

5. மொட்டு

புதிய தலைவர் வந்தார். காகித ஆலைகளுக்குக் குளோன் நாற்று உற்பத்தி செய்து கொடுத்தால் நிலையம் சொந்தக் காலில் நிற்கும் என்பது அவர் கணக்கு. தவறான கணக்கு இல்லை. உப்பு மர ப்ராஜெக்டின் காலமும் முடிந்திருந்தது. முதலில் ஜீப் ஓட்டத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் எடுக்க வரமாட்டோம் என்று பெருமாளிடம் சொல்லச் சொல்லியிருந்தார்களாம். யாரும் சொல்லவில்லை.

கிரீன்ஹவுஸில் மரங்கள் கூரையைத் தொட ஆரம்பித்திருந்தன. உச்சியை வெட்டி வெட்டி விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கிளை இடுக்கில் மொட்டு பார்த்தேன். பூத்தால் மகரந்தம், மகரந்தம் என்றால் சட்ட மீறல். தலைவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. மறுநாளே உத்தரவு வந்துவிட்டது, ஜீன் மாற்றிய எல்லா டிரான்ஸ்ஜெனிக் லைன்களையும் அழிக்கவும் என்று.

அழிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வேரோடு பிடுங்கி, சின்னச் சின்னதாக வெட்டி, பையில் கட்டி, ஆட்டோகிளேவில் நீராவியில் வேக வைத்து, பிறகு குழியில் போட்டு எரிக்க வேண்டும். மண்ணையும் விடக் கூடாது. கடுகளவு பச்சையாக நான் பார்த்தவற்றை நானே கத்தரித்தேன். தைல வாசனை கட்டடம் முழுக்க ஏறியது. வேக வைத்த இலை கீரை மாதிரி ஆகிவிடும். கையுறையோடு அதை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து, "உங்கள பாக்க ஆள் வந்திருக்குது மேடம்" என்றார்.

கேட்டில் பெருமாள். ஜீப் வரவில்லை என்பதால் வாடகைக்கு ஒரு ஆட்டோ பிடித்து, நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு அத்தனை தூரம் வந்திருந்தார். செடி தாகத்தில் காய்ந்துவிடப் போகிறதே என்று.

உள்ளே வந்து குழிப் பக்கம் போய்ப் பார்த்தார். முதலில் வெந்தவை அரைமணி நேரமாக எரிந்துகொண்டிருந்தன.

"இன்னாம்மா இது?"

சொன்னேன். முழுதாகச் சொன்னேன், கமிட்டி, பர்மிஷன், மொட்டு எல்லாவற்றையும். இன்னும் பிடுங்காத மரங்கள் சில உள்ளே நின்றன. அவற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு குடும்மா. கால்வாய் ஓரம் வெச்சிக்கறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"முடியாதுண்ணா."

"என் தண்ணியக் குடிச்சி வளந்தது."

"பூத்துதுன்னா மகரந்தம் காத்துல போயி மத்த மரத்தோட கலந்துடும். அது தப்பு."

"என் நெலத்துல இன்னா கீதும்மா, அது போயி கலக்கறதுக்கு?"

நான் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் யாராவது கொடுத்திருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஆட்டோவிலிருந்து டிரம்களை ஒவ்வொன்றாக இறக்கி, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். டிரம் அவருடையது. காலி டிரம்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

6. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

அதன் பிறகு இன்றுவரை நர்சரியில் காகித ஆலைக் குளோன்களைத்தான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல மண்ணில் நன்றாக வளரும் மரங்கள். அந்த ஊர்க் கால்வாய்க்கும் ஒருவழியாகச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. வேறு யார் யாரோ கோர்ட்டுக்குப் போய் வாங்கிய உத்தரவு அது, எங்கள் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிலத்தடியில் இறங்கிய உப்பு அதற்காக நீங்கிவிடாது. பெருமாள் நிலத்தை ஒரு குடோனுக்கு விட்டுவிட்டு, தோல் கம்பெனியில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனார் என்று சரசு சொன்னாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் அவளை. "கை எல்லாம் வெந்து போவுதுக்கா, ஆனா மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்றாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "பேச்சு கம்மியாயிடுச்சு" என்றாள்.

சமீபத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், பழைய கட்டுரையைப் படித்துவிட்டு வந்து ஆர்வமாகக் கேட்டாள், "மேடம், உங்க உப்பு மரம் ஏன் ஃபெயில் ஆச்சு?"

ஃபெயில் ஆகவில்லை என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. இங்கே புரியும்படி எழுதிவிடுகிறேன்.

அந்த மரம் ஜெயித்தது. முதல் வருஷமே எல்லாத் துணுக்கும் வெளுத்துப்போய் நாங்கள் தோற்றிருந்தால், அந்தக் கூட்டத்தில் தூக்கிக் காட்ட ஒரு போட்டோ இருந்திருக்காது. தள்ளிப்போட ஒரு காரணம் இருந்திருக்காது. ஒருவேளை கால்வாயை அன்றைக்கே மூடியிருப்பார்கள். ஒருவேளை மூடாமலும் போயிருக்கலாம். ஆனால் பெருமாள் எங்களுக்காகக் காத்திருந்திருக்க மாட்டார். வேறு வழி தேடியிருப்பார், சண்டை போட்டிருப்பார், நாலு பேரோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போயிருப்பார். அத்தனை வருஷமும் அவர் எங்களுக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்.

விஷத்தைத் தாங்குகிற எதையாவது உண்டாக்கும் வேலைக்கு நீங்கள் சேர்ந்தால், அது தாங்குமா என்று கேட்பதற்கு முன்னால், அது வரும்வரை விஷத்தை ஊற்றிக்கொண்டே இருக்கலாம் என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று கேளுங்கள். லேபில் கேட்க முடியாவிட்டால் வெளியே வந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் கவனமெல்லாம் பாட்டிலில் இருந்த பச்சை மேல் இருந்தது.